வீட்டு இணையத்தின் எல்லை எது? லேப் ரவுட்டர் குறித்த வாதங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு இணையம் எடுத்தால், நிறுவனத்தின் ஆள் வந்து சுவரோரம் ஒன்றோ இரண்டோ பெட்டிகளைப் பொருத்தி, வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போகிறார். பெரும்பாலான குடும்பங்களுக்கு வேலை அத்தோடு முடிந்தது. பத்துமலைத் தாமான் வீட்டிலோ பிரிக்ஃபீல்ட்ஸ் கொண்டோவிலோ ஒரு மினி பிசியில் புரோக்ஸ்மோக்ஸ் ஏற்றி, நாலைந்து சர்வர்களை ஓட்டிப் பழகும் ஹோம்லேப் ஆர்வலருக்கு அங்கேதான் வேலை ஆரம்பம். லோயாட் பிளாசாவில் வாங்கிய மைக்ரோடிக் ரவுட்டரையோ, ஓபிஎன்சென்ஸ் ஏற்றிய பெட்டியையோ எங்கே செருகுவது? நிறுவனத்தின் ரவுட்டரைக் கழற்றிவிட்டு அதன் இடத்திலா, அதற்குப் பின்னாலா?

கேட்க இது வயர் சமாச்சாரம்போலத் தோன்றும். உள்ளே இருப்பது வேறொரு கேள்வி: நிறுவனத்தின் வலை எங்கே முடிகிறது, வீட்டுக்காரரின் வலை எங்கே தொடங்குகிறது? தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் மீட்டர் என்று ஓர் எல்லை இருக்கிறது. இணையத்துக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை கிடையாது. சுமார் எழுபது ஆண்டுகளாக இதற்கு வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன.

கேள்வியின் வயது

இணையத்துக்கு முன்பே தொலைபேசியில் இது எழுந்துவிட்டது. அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பியில் நிறுவனம் தராத எதையும் மாட்டக்கூடாது என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. தொலைபேசியின் பேசும் முனையில் பொருத்தும் வெறும் மூடியான ஹஷ்-எ-ஃபோனுக்குக்கூடத் தடை போட்டார்கள். 1956இல் நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்க மறுத்தது. டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர், இருவழி வானொலியைத் தொலைபேசியோடு இணைக்கும் கார்ட்டர்ஃபோன் என்ற கருவியை விற்றார். வலைக்குக் கேடு செய்யாதவரை வாடிக்கையாளர் தம் கருவியை இணைக்கலாம் என்று 1968இல் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் அவருடைய வழக்கில் சொன்னது. பின்னாளில் மோடம்கள் கடைச்சரக்கானதற்கு அந்தத் தீர்ப்பு வழிவிட்டது.

‘கேடு செய்யாதவரை’ என்ற நிபந்தனையில்தான் இன்றுவரை சண்டை. எது கேடு, அதை யார் முடிவு செய்வது என்பதை அந்தத் தீர்ப்பு தொழில்நுட்பத்துக்குத் தொழில்நுட்பம் மாறும் விஷயமாகவே விட்டுவைத்தது.

ஐரோப்பாவின் தொலைத்தொடர்புக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் கூட்டமைப்பான பெரெக், 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எல்லைக்கோட்டை மூன்று இடங்களில் வரையலாம் என்று காட்டியது. முதல் இடம் சுவர்ச் சாக்கெட். அதற்குப் பின் வரும் மோடம், ரவுட்டர் இரண்டுமே வாடிக்கையாளருடையவை. இரண்டாவது இடம் மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவே. மூன்றாவது, ரவுட்டருக்கும் அப்பால். அதாவது இரண்டு பெட்டியும் நிறுவனத்தின் வலையைச் சேர்ந்தவை. ஹோம்லேப்காரர்கள் இரவெல்லாம் வாதிடும் பல தரப்புகளை இந்த மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் வைத்துவிடலாம் என்பதால் இந்தப் பாகுபாடு கைக்கு உதவுகிறது.

பள்ளத்தாக்கில் வீட்டுக்குள் வருவது

இந்தத் துறையின் ஆங்கில வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே தொலைக்காட்சிக் கேபிள் வழியாக டாக்சிஸ் தரத்தில் இணையம் வருகிறது. கேபிள்லேப்ஸ் அந்தத் தரத்தின் முதல் பதிப்பை 1997இல் கொண்டுவந்தது. சென்னையில் ஹாத்வே போன்ற நிறுவனங்களும் அந்த வழியில் இணையம் கொடுத்தன. சிங்கப்பூரின் ஸ்டார்ஹப் தன் கேபிள் சேவையை 2019 செப்டம்பரோடு நிறுத்தி ஃபைபருக்கு மாறியது. மலேசியாவின் பாதை வேறு. இங்கே ஜேரிங், டிஎம்நெட் காலத்து டயல்-அப்பிலிருந்து ஸ்ட்ரீமிக்ஸ் ஏடிஎஸ்எல்லுக்கு வந்து, அங்கிருந்து நேராக ஃபைபருக்குத் தாவினோம். அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்துக்காக அரசும் டெலிகோம் மலேசியாவும் 2008 செப்டம்பரில் ஒப்பந்தம் செய்தன. திட்ட மதிப்பு 1130 கோடி ரிங்கிட். அதில் அரசின் பங்கு 240 கோடி. 2010 மார்ச்சில் பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் ஆகிய இடங்களில் அந்தச் சேவை யூனிஃபை என்ற பெயரில் அறிமுகமானது. அன்றைய அடிப்படைத் திட்டம் 149 ரிங்கிட்டுக்கு 5 மெகாபிட். இன்று 1 கிகாபிட் திட்டம் சாதாரணம் என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கேபிள் மோடத்துக்கும் ஃபைபர் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு நம் கேள்வியைப் பெரிதும் பாதிக்கிறது. கேபிள் மோடம் பெரும்பாலும் பாலம் மட்டுமே. பின்னால் ஒரு ரவுட்டரைச் செருகினால் டிஎச்சிபி வழியே அதற்குப் பொது முகவரி கிடைத்துவிடும். யூசர்நேம் எதுவும் வேண்டாம். ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. பல மோடங்கள் தாம் எழும்பியவுடன் முதலில் கண்ட கருவியின் மேக் முகவரியைப் பிடித்துக்கொள்ளும். பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதியதைச் செருகினால் முகவரி கிடைக்காது. மோடத்தை அணைத்துப் போட வேண்டும், இல்லையேல் பழைய மேக் முகவரியைப் புதிய ரவுட்டரில் எழுத வேண்டும். மோடத்தின் நிலையைக் காட்டும் 192.168.100.1 பக்கம் திறக்காமல் போவதற்கும் காரணம் இருக்கலாம். வான் எனப்படும் வெளி இணையப் பக்கத்தில் தனியார் முகவரிகளைத் தடுக்கும் விதியை ரவுட்டரில் போட்டுவைத்திருந்தால், அந்தப் பக்கமும் அதில் மாட்டிக்கொள்ளக்கூடும்.

யூனிஃபை இணைப்பில் வேலை கொஞ்சம் கூடுதல். ஃபைபர் முனையில் இருக்கும் ஓஎன்யு பெட்டி, இணையத்தை வி-லேன் 500இலும் தொலைக்காட்சியை 600இலும் பிரித்து அனுப்புகிறது. சொந்த ரவுட்டரின் வான் போர்ட்டில் முதலில் வி-லேன் 500 உருவாக்கி, அதன்மேல் பிபிபிஓஇ வைத்து, @unifi என்ற பின்னொட்டோடு முடியும் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்தால்தான் முகவரி வரும். டெலிகோம் மலேசியாவின் ஃபைபரையே வாடகைக்கு எடுத்து நடத்தும் மேக்சிஸின் இணைப்பில் அந்த எண் 621. கண்ணாடி இழை ஒன்றே. நிறுவனம் மாறினால் எண் மாறுகிறது. பழைய அடுக்குமாடிகள் சிலவற்றில் கட்டடம் வரை ஃபைபரும், அங்கிருந்து வீடு வரை பழைய செப்புக் கம்பியில் விடிஎஸ்எல்லும் வருகின்றன. இடி மின்னல் உலகிலேயே மிகுந்த பகுதிகளில் ஒன்றான இந்தப் பள்ளத்தாக்கில், செம்பு வழியே வரும் மின்னழுத்தம் மோடத்தையும் அதோடு சேர்ந்த ரவுட்டரையும் பொசுக்கிவிடக்கூடும். கண்ணாடி இழையில் அந்தப் பயமில்லை. மின்கம்பி வழியே வரும் இடி வேறு கதை.

‘பெட்டி எங்களுடையது’

முதல் நிலைப்பாடு நிறுவனங்களுடையது: ரவுட்டர் உட்பட எல்லாமே எங்கள் பொறுப்பு. இதை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. ஜிபான் ஃபைபரில் ஒரே இழையைப் பெரும்பாலும் 32 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. கீழ்நோக்கி 2.5 கிகாபிட்டும் மேல்நோக்கி 1.25 கிகாபிட்டும் இந்த வீடுகளுக்குப் பொது. மேல்நோக்கி அனுப்பும்போது ஒவ்வொரு ஓஎன்யுவும் தனக்குக் குறித்த நேரத்துளியில் மட்டுமே ஒளியைப் பாய்ச்ச வேண்டும். ஒரு பெட்டி கெட்டுப்போய் நேரங்கெட்ட நேரத்தில் ஒளி பாய்ச்சினால், அதே பிரிப்பானில் உள்ள அண்டை வீடுகளின் இணைப்பும் தடுமாறும். கார்ட்டர்ஃபோன் தீர்ப்பின் ‘கேடு’ என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

ஆனால் இந்த வாதம் ஓஎன்யுவுக்குத்தான் பொருந்துகிறது, ரவுட்டருக்கு அல்ல. ரவுட்டர் எதைச் செய்தாலும் ஒளியின் நேரக்கணக்கில் அது தலையிட முடியாது. அதனால் ரவுட்டரையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ள நிறுவனங்கள் வேறு காரணம் சொல்கின்றன: பழுது பார்ப்பதும் பாதுகாப்பும். 2004இல் வெளியான டிஆர்-069 நெறிமுறை, தொலைவிலிருந்தே வாடிக்கையாளரின் ரவுட்டரைத் திருத்தவும் அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவும் வழி செய்தது. தொலைபேசியில் புகார் சொல்லும் பாட்டிக்கு ‘சிவப்பு விளக்கு எரியுதா?’ என்று கேட்டுக்கொண்டிராமல் அங்கிருந்தே பார்த்துவிடலாம். இதை ஏளனம் செய்பவர்கள் வாடிக்கையாளர் சேவை மையத்தில் ஒரு நாளும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

இதன் பலவீனம் 2016 நவம்பரில் ஜெர்மனியில் வெளிப்பட்டது. தொலைநிர்வாகத்துக்காகத் திறந்திருந்த 7547 போர்ட் வழியே, மிராய் வகைத் தீங்குநிரலைப் பரப்ப முயன்ற தாக்குதலில் டாய்ச்ச டெலிகோமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு தடைபட்டது. ரவுட்டர்கள் தொற்றுக்கு ஆளாகாமல் செயலிழந்து விழுந்தன என்பது ஓர் அதிர்ஷ்டம். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே பின்வாசல் என்றால், ஓர் ஓட்டை லட்சக்கணக்கான வீடுகளின் ஓட்டையாகிவிடுகிறது. நிறுவனம் நிர்வகிப்பதால் பாதுகாப்பு கூடுகிறதா குறைகிறதா என்பதை, அந்த நிறுவனம் எவ்வளவு விரைவாகப் புதுப்பிக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

சொந்த ரவுட்டரே முதல் வாசல்

இதற்கு நேர் எதிர்: ரவுட்டர் என்னுடையதாக இருக்க வேண்டும், நிறுவனப் பெட்டி பாலமாக நின்றால் போதும். சட்டத்தில் இதற்கு வலுவான அடித்தளம் ஐரோப்பாவில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி, பயனர் தம் விருப்பப்படி முனைக்கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறது. ஜெர்மனி 2016 ஆகஸ்ட் 1 முதல் எல்லையைச் சுவர்ச் சாக்கெட்டிலேயே வைத்தது; கேபிள் மோடமும் வாடிக்கையாளரின் தேர்வுக்கு உட்பட்டது. இத்தாலியும் 2018இல் அதே திசையில் நகர்ந்தது. அமெரிக்காவிலோ கேபிள் மோடத்தைக் கடையில் வாங்கி மாட்டுவது பல ஆண்டுகளாகவே சர்வ சாதாரணம்.

மலேசியாவில் கருவி இறக்குமதிக்கும் விற்பனைக்கும் விதிகள் உண்டு. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் வரும் ஏற்பாட்டில், வலையோடு இணையும் கருவிகளும் வைஃபை கருவிகளும் சிரிம் சான்று பெற வேண்டும். பெட்டியின் மேல் ஒட்டிய சிறு முத்திரை அதற்குச் சாட்சி. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்த மலிவு ரவுட்டரில் அது இருக்காது என்பதை ஆர்வலர்கள் பலர் கண்டுகொள்வதில்லை. சான்று பெற்ற கருவியை மாட்டலாம் என்பது ஒன்று. நிறுவனம் பாலமாக மாற்றித் தர வேண்டிய கட்டாயம் உண்டு என்பது இன்னொன்று. ஐரோப்பிய வாதங்களை இங்கே எடுத்து வீசுபவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. ஓஎன்யு தனியாகவும் ரவுட்டர் தனியாகவும் இருந்த காலத்தில் ரவுட்டரை மாற்றுவது எளிது. கேபிளைக் கழற்றி மாட்டினால் போதும். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்த பிறகு, பால முறைக்கு மாற்றும் திரை நிறுவனத்தின் நிர்வாகக் கணக்குக்குள் போய்விட்டது. ஓஎன்யுவையே தூக்கிவிட்டு, சொந்த ரவுட்டரின் எஸ்எஃப்பி துளையில் ஜிபான் குச்சியைச் செருகுபவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பழைய பெட்டியின் வரிசை எண்ணைப் போலியாகக் காட்ட வேண்டியிருக்கும். மேலே சொன்ன ஒளியின் நேரக்கணக்கை எண்ணிப் பார்த்தால், இந்த எல்லையைத் தாண்டுவதில் தயக்கம் காட்டுவதே முறை என்று தோன்றுகிறது.

சின்னதாக ஒன்று, ஆனால் பலரை அலைக்கழிப்பது: பிபிபிஓஇ தலைப்புக்கு 8 பைட் போய்விடுவதால், 1500 பைட் கொள்ளும் பாக்கெட்டில் 1492தான் மிஞ்சும். இதை ரவுட்டரில் சரியாக வைக்காவிட்டால் பிங் ஓடும், கூகுள் திறக்கும். ஏதோ ஒரு வங்கிப் பக்கம் மட்டும் பாதியில் தொங்கும். டிசிபி எம்எஸ்எஸ் அளவை 1452க்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இணைப்பு ‘வந்துவிட்டது’ என்று நினைத்த பிறகு வரும் பழுது என்பதால் வி-லேன் எண்ணில்போய்த் தேடிக்கொண்டிருப்பார்கள். வேகம் கூடக்கூட இன்னொன்றும் தலைகாட்டுகிறது. 20 மெகாபிட் காலத்தில் எந்தக் குட்டி ரவுட்டரும் பிபிபிஓஇயைச் சமாளித்தது. கிகாபிட்டில் அந்த வேலை பல கருவிகளில் ஒரே சிபியு கோரின் தலையில் விழுந்து மூச்சுத் திணறுகிறது.

இரட்டை நேட் என்ற பழி

மூன்றாவது நிலைப்பாட்டுக்கு யாரும் பெருமையாக உரிமை கோருவதில்லை. ஆனால் நடைமுறையில் பலர் கைக்கொள்வது அதையே. நிறுவன ரவுட்டர் அப்படியே இருக்கட்டும். அதன் லேன் போர்ட் ஒன்றிலிருந்து லேப் ரவுட்டரின் வானுக்கு ஒரு கேபிள். உள்ளே இருக்கும் முகவரிகள் இரண்டு முறை மாற்றப்படுவதால் இதற்கு இரட்டை நேட் என்று பெயர்.

இதற்கு எதிரான வாதம் மதிப்புள்ள இடத்திலிருந்து வருகிறது. சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1981இல் முன்வைத்து 1984இல் விரிவாக வெளியிட்ட கட்டுரை, அறிவு முனைகளில் இருக்க வேண்டும், நடுவலை எளிமையாக இருக்க வேண்டும் என்ற கருத்துக்கு வேராயிற்று. நேட் அதற்கு நேர்மாறு. 1994 மே மாதம் ஆர்எஃப்சி 1631இல் அதை விவரித்தவர்களே, அதைக் குறுகிய காலத் தீர்வு என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். அந்தக் குறுகிய காலம் இன்னும் முடியவில்லை. ஒரு நேட்டே குறை என்றால் இரண்டு எப்படி நிறைவாகும் என்பது தூய்மைவாதிகளின் கேள்வி.

நடைமுறைக் குறைகளும் உண்மை. வெளியிலிருந்து லேப்புக்குள் வர இரண்டு இடத்திலும் போர்ட் திறக்க வேண்டும். யுபிஎன்பி உள்பெட்டியோடு நின்றுவிடும். இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் நின்றால் எதுவும் ஓடாது. ஓபிஎன்சென்ஸின் இயல்பு முகவரி அதுவே, பல நிறுவன ரவுட்டர்களின் முகவரியும் அதுவே என்பதால் இந்த மோதல் அடிக்கடி நேர்கிறது. லேப்பை 10.20.0.0 போன்ற வேறு தொகுதிக்கு மாற்றினால் அது தீரும். நிறுவன ரவுட்டரின் டிஎம்இசெட் வசதியில் லேப் ரவுட்டரைக் காட்டிவிட்டால் போர்ட் தொல்லையும் பாதி குறையும்.

இத்தனைக்குப் பிறகும் இரட்டை நேட் அதற்குக் கிடைத்த கெட்ட பெயருக்குத் தகுதியானதல்ல என்றே தோன்றுகிறது. வெளியே போகும் போக்குவரத்தில், அதாவது ஒரு சாதாரண லேப்பின் பெரும்பகுதி வேலையில், அதன் பாதிப்பு பெரும்பாலும் கண்ணுக்குப் படாது. அதற்கு ஈடாகக் கிடைப்பது பெரிது: லேப்பில் என்ன உடைந்தாலும் வீட்டு இணையம் நிற்காது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வீட்டு இணையமே அலுவலகமாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆனது. அதன் பிறகு வீட்டு ரவுட்டரைப் பரிசோதனைக் கருவியாக வைத்துக்கொள்வது எளிதில் நியாயப்படுத்தக்கூடிய முடிவாக இல்லை. நள்ளிரவில் ஃபயர்வாலைப் புதுப்பித்து, காலையில் பிள்ளையின் வகுப்பு வராமல் போனால், நிறுவனத்தின் உதவி எண் சொல்லும் முதல் வாசகம் ‘எங்கள் ரவுட்டரை மாட்டிப் பாருங்கள்’ என்பதே.

இங்கேதான் வழக்கமான விவாதம் தவறான கோட்டின் மேல் நடக்கிறது எனலாம். நிறுவனத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான எல்லை பற்றி எழுபது ஆண்டு இலக்கியம் இருக்கிறது. வீட்டுக்கும் லேப்புக்கும் இடையிலான எல்லை பற்றி ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஹோம்லேப்பில் அடிக்கடி உடைவது இரண்டாவது கோடுதான். சொந்த ரவுட்டரை முதல் வாசலாக வைப்பவரும், வி-லேன் பிரித்தோ இன்னொரு பெட்டி வைத்தோ அந்தக் கோட்டைப் போட வேண்டியிருக்கிறது. இரட்டை நேட்காரர் அதைத் தெரியாமலே போட்டுவிட்டார்.

பொது முகவரியே வராத இணைப்பு

மேலே உள்ள மூன்று தரப்பும் வாசலில் ஒரு பொது முகவரி வந்து நிற்கிறது என்று நம்பிப் பேசுகின்றன. அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. உலகத் தொகுப்பில் ஐபிவி4 முகவரிகள் 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தன. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக் தன் கடைசித் தொகுதியைப் பங்கீட்டு முறைக்கு மாற்றியது. நிறுவனமே தன் பக்கத்தில் பெரிய நேட் வைத்துப் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் முறைக்கென்று 100.64.0.0/10 தொகுதி 2012இல் ஒதுக்கப்பட்டது. லேப் ரவுட்டரின் வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், பால முறைக்கு மாற்றிப் பயனில்லை. நேட் ஏற்கெனவே நிறுவனத்தின் அறையில் நடந்துகொண்டிருக்கிறது. பொது முகவரி வேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்பதுதான் மிஞ்சும் வழி.

இதிலிருந்து நான்காவது நிலைப்பாடு பிறந்தது: எல்லை எங்கே இருந்தால் என்ன? உள்ளிருந்து வெளியே ஒரு சுரங்கம் போட்டுவிட்டால் போதும். வயர்கார்டு கொண்டு வாடகைச் சர்வர் ஒன்றோடு இணைப்பது, டெய்ல்ஸ்கேல், கிளவுட்ஃபிளேர் சுரங்கம் என்று வழிகள் பல. எந்த வகை நேட்டுக்குப் பின்னாலும் பெரும்பாலும் ஓடுகின்றன, போர்ட் எதுவும் திறக்க வேண்டியதில்லை. விலை என்னவென்றால், வீட்டுக்கு அருகில் இருந்த இடைத்தரகரைத் தவிர்த்துவிட்டு வேறு நாட்டில் இருக்கும் இடைத்தரகரை ஏற்றுக்கொள்கிறோம். சொந்த வாடகைச் சர்வர் வைத்தால் அந்தச் சார்பு குறைகிறது, மாதச் செலவு வருகிறது.

ஐபிவி6 இந்த வாதங்கள் பலவற்றை ஒரேயடியாக முடித்திருக்க வேண்டும். மலேசியாவில் அதன் பயன்பாடு பாதியைத் தாண்டிவிட்டது. கூகுளும் யூடியூபும் நமக்குத் தெரியாமலே அதில்தான் வருகின்றன. ஆனால் லேப்புக்கு வேண்டியது ஒரு முகவரி அல்ல, பல உபவலைகளுக்குப் போதுமான முகவரித் தொகுதி. நிறுவனம் ஒரே ஒரு /64 மட்டும் கொடுத்தால், தானாக முகவரி அமைத்துக்கொள்ளும் முறையில் அதை மேலும் பிரிக்க முடியாது. வீடு ஒன்று, லேப் ஒன்று என்று இரண்டு வலைகூட ஒழுங்காக அமையாது. வீட்டுக்கு /56 அல்லது /48 கொடுங்கள், அது அடிக்கடி மாறாமல் இருக்கட்டும் என்று ஐரோப்பியப் பதிவகமான ரைப் சமூகம் 2017இல் பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமல்ல.

இன்னும் தீராதவை

லேப் ரவுட்டரை நிறுவனப் பெட்டிக்குப் பின்னால் வைத்துத் தொடங்குவது, வெளியிலிருந்து உள்ளே வரும் சேவை எதுவும் இல்லாதவரை, பள்ளத்தாக்கின் இன்றைய ஏற்பாட்டில் பெரும்பாலானோருக்குப் போதுமானதாகத் தெரிகிறது. சொந்த சர்வரை வெளியுலகுக்குத் திறப்பவருக்கும், இரண்டு இணைப்பு வைத்து மாற்றி ஓட்டுபவருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்குப் பால முறையின் கூடுதல் பொறுப்பு தகும். ஓஎன்யு பெட்டியைத் தொடாமல் விடுவதற்கான வாதம் இப்போதைக்கு வலுவாகவே நிற்கிறது.

விடை தெரியாத இடங்களும் உள்ளன. 2016இல் வகுக்கப்பட்ட எக்ஸ்ஜிஎஸ்-பான் தரத்துக்கு வலைகள் மாற மாற, ஓஎன்யு, ரவுட்டர், வைஃபை மூன்றும் ஒரே பெட்டிக்குள் இறுகிப்போகுமா, அல்லது பெரெக் காட்டிய இரண்டாவது கோடு மீண்டும் கண்ணுக்குத் தெரியும் கேபிளாக வெளியே வருமா? பால முறை, பொது முகவரி, /56 தொகுதி ஆகிய மூன்றும் திட்ட விளம்பரத்தில் வேகத்தோடு சேர்ந்து அச்சாகும் விவரங்களாகுமா, அல்லது உதவி எண்ணில் யார் எடுக்கிறார் என்பதைப் பொறுத்ததாகவே நீடிக்குமா? அணுகல் விலைக்கு ஒரு தரநிலை வைத்து 2018இல் மொத்த விலையைக் குறைக்க வைத்த தொடர்பு, பல்லூடக ஆணையம், முனைக்கருவி விஷயத்திலும் ஒரு கோடு போடலாம். போட்டால் அது சுவரிலா, ஓஎன்யுவின் முதல் லேன் போர்ட்டிலா என்பதைத் தீர்மானிக்க, ஜிபான் பிரிப்பானுக்குப் பின்னால் உள்ள 32 வீடுகளின் நலனையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். ஜெர்மனியில்கூட ஃபைபருக்கு விலக்கு வேண்டும் என்று நிறுவனங்கள் வாதாடியது அந்தக் காரணத்தை முன்வைத்துத்தான்.